டெஸ்க்டாப்பிலும் லேப்டாப்பிலும் ஒரே மெயில் இருக்க என்ன செய்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மும்பை செம்பூர் வீட்டில் ஒரு டெஸ்க்டாப், நவா ஷேவா துறைமுகத்துக்குப் போகும்போது கையில் ஒரு லேப்டாப், இரண்டிலும் அவுட்லுக் மெயில் மென்பொருள். இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் தொழில், அதனால் நாள் முழுக்க மெயில். தினமும் இரவில் அவுட்லுக்கின் மெயில் கோப்பான பிஎஸ்டியைப் பென்டிரைவில் எடுத்து மற்றொன்றில் போடுகிறீர்கள். அப்படியும் அனுப்பிய மெயில்கள் அவ்வப்போது காணாமல் போகின்றன. போகும் வழியில் சிக்னல் கிடைக்காதே என்ற கவலையும் இருக்கிறது. இந்த நகலெடுப்பைத் தானாகச் செய்யும் மென்பொருள் ஏதாவது உண்டா என்று கேட்கிறீர்கள்.

உண்டு. ஆனால் அதைத் தேட வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஃபோர்ட்டிலும் மாட்டுங்காவிலும் சின்ன அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மெயில் தொலைந்துபோய் என்னைக் கூப்பிட்டவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த நகலெடுப்பைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். மென்பொருளை மாற்றுவதால் இது சரியாகாது, முறையையே மாற்ற வேண்டும்.

காரணம் எளிது. பிஎஸ்டி என்பது உங்கள் இன்பாக்ஸ், அனுப்பியவை, காலண்டர் எல்லாம் அடங்கிய ஒரே கோப்பு. ஒத்திசைக்கும் மென்பொருளுக்கு உள்ளே இருக்கும் மெயில்கள் தெரியாது, வெளியே இருக்கும் தேதியும் அளவும்தான் தெரியும். பகலில் லேப்டாப்பிலிருந்து இறக்குமதியாளருக்கு செக்லிஸ்ட் (சுங்கத்தில் தாக்கல் செய்யுமுன் சரிபார்க்கும் வரைவு) அனுப்புகிறீர்கள். அதே பகலில் வீட்டு டெஸ்க்டாப் தன் பங்குக்குப் புது மெயில்களை இறக்கிக்கொள்கிறது. இப்போது இரண்டு கோப்பும் மாறிவிட்டன. ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டால், அடியில் போனதில் மட்டும் இருந்தவை அழியும். ஒரே பேரேட்டின் இரண்டு நகல்களில் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கு எழுதிவிட்டு, கடைசியில் ஒன்றைக் கிழித்துப் போடுவதற்குச் சமம் இது. சிங்க்திங் போன்ற நல்ல மென்பொருள்கூட இந்த இடத்தில் மோதல் என்று குறித்து இரண்டு நகலையும் பக்கத்தில் வைத்துவிடும், அவ்வளவுதான். இரண்டையும் கலந்து ஒன்றாக்கித் தராது. இன்னொன்றும் உண்டு. அவுட்லுக்கைத் திறந்து மூடினாலே, ஒரு மெயில்கூட வராவிட்டாலும், பிஎஸ்டியின் தேதி மாறிவிடும். ஆகவே புதிய தேதி உள்ளதுதான் சரியான கோப்பு என்றும் நம்ப முடியாது. டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போல்டருக்குள் பிஎஸ்டியை வைக்கச் சிலர் சொல்வார்கள். அவுட்லுக் ஓடும்வரை அந்தக் கோப்பு பூட்டப்பட்டிருக்கும், அதனால் அதுவும் கை கொடுக்காது. நெட்வொர்க் டிரைவில் பிஎஸ்டியை வைத்துப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் கணக்கு பாப் (POP) என்ற மெயில் இறக்கும் முறையில் போடப்பட்டிருக்கிறது. பாப் 1984இல் வந்தது. சர்வரில், அதாவது மெயில் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில், சேர்ந்திருக்கும் கடிதங்களை ஒரு கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு அங்கே அழித்துவிடுவதுதான் அதன் எண்ணம். சர்வரில் ஒரு நகலை விட்டுவை என்று செட்டிங்கில் டிக் செய்தால் இரண்டு கம்ப்யூட்டரிலும் வரும் மெயில் இறங்கும், உண்மைதான். ஆனால் எது படித்தது, எதை எந்தப் போல்டரில் போட்டீர்கள், எதற்குப் பதில் அனுப்பினீர்கள் என்பதெல்லாம் செய்த கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். அனுப்பிய மெயிலும் அப்படியே. உங்கள் தொழிலில் வந்த மெயிலைவிட அனுப்பிய மெயில்தான் முக்கியம். செக்லிஸ்டை எப்போது அனுப்பினீர்கள், நாங்கள் எப்போது ஓகே சொன்னோம் என்று இறக்குமதியாளர் கேட்டால் காட்டுவதற்கு அது வேண்டும்.

ஐமேப் (IMAP) முறைக்கு மாறுங்கள். மார்க் கிறிஸ்பின் 1986இல் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய முறை அது. மெயில் சர்வரிலேயே இருக்கும். டெஸ்க்டாப், லேப்டாப், போன் மூன்றும் அதைப் பார்த்துத் தங்கள் நகலைச் சரிசெய்துகொள்ளும். ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு எண் உண்டு. படித்தது, பதிலளித்தது, நட்சத்திரம் போட்டது என்ற குறிகளும் சர்வரிலேயே இருக்கும். நீங்கள் கேட்ட ஒத்திசைவை மெயில் மெயிலாகச் செய்துவிடும்.

மாறும் வேலையில் அவசரம் கூடாது. முதலில் அவுட்லுக்கை மூடிவிட்டு, இரண்டு கம்ப்யூட்டரில் உள்ள பிஎஸ்டியையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் தனித்தனிப் பெயரில் எடுத்து வையுங்கள். இரண்டையும்தான், ஏனென்றால் ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருக்கலாம். டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அவுட்லுக்கில் பாப் கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்ற வழியில்லை. அதே முகவரியை ஐமேப் என்று புதுக் கணக்காகச் சேர்க்க வேண்டும். போர்ட் என்ற இடத்தில் 993, பாதுகாப்புக்கு எஸ்எஸ்எல் என்று போடுங்கள். சர்வர் பெயரை உங்கள் மெயில் நிறுவனம் தரும்.

புதுக் கணக்கு வந்தவுடன் பழைய பாப் கணக்கில் தானாக மெயில் எடுப்பதை இரண்டு கம்ப்யூட்டரிலும் நிறுத்துங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மாட்டுங்காவில் ஒரு ஆடிட்டர் அலுவலகம், ஜூலை மாதம், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நெருக்கடி. காலையில் வந்த மெயில் கொஞ்ச நேரத்தில் எல்லார் லேப்டாப்பிலிருந்தும் மறைந்துபோகிறது. வைரஸ் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். தேடிப் பார்த்தால், பில் அடிக்க மட்டும் வைத்திருந்த ஒரு மூலை டெஸ்க்டாப்பில் பழைய பாப் கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடும். சர்வரில் இல்லாததால் ஐமேப்பில் இருந்த மற்றவர்களிடமும் போய்விட்டது. அந்தக் கணக்கை நீக்கினோம், அந்த பிஎஸ்டியில் இருந்த மெயில்களைத் திரும்ப சர்வருக்கு ஏற்றினோம், ஒன்றும் தொலையவில்லை. உங்கள் வீட்டிலும் பழைய போன், பையன் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்று எங்காவது அந்த முகவரி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பழைய மெயில்களை என்ன செய்வது? அவுட்லுக்கில் பழைய பிஎஸ்டியின் போல்டரிலிருந்து மெயில்களைப் பிடித்து இழுத்து ஐமேப் கணக்கின் போல்டரில் போட்டால் அவை சர்வருக்கு ஏறும், அங்கிருந்து லேப்டாப்புக்கும் வரும். நகர்த்தாதீர்கள், நகலெடுங்கள். கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் நகல்தான் போகும். ஒரேயடியாக எல்லாவற்றையும் போட்டால் பாதியில் நிற்கும், மாதம் மாதமாகப் போடுங்கள். லேப்டாப்பின் பிஎஸ்டியிலிருந்து அனுப்பியவற்றையும் இதேபோல் ஏற்றுங்கள். சில மெயில்கள் இரண்டு முறை வந்து நிற்கும், அதைப் பிறகு களைந்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியதும் இல்லை. சர்வரில் இடம் எவ்வளவு என்று பாருங்கள். ஜிமெயிலின் இலவசக் கணக்கில் 15 ஜிபி, அதுவும் டிரைவுக்கும் போட்டோவுக்கும் சேர்த்து. வெப்சைட்டோடு சேர்த்துத் தரும் மெயில்பெட்டி இதைவிடச் சிறியதாக இருக்கலாம். கடைசி இரண்டு வருடத்து மெயில் மட்டும் சர்வரில் இருந்தால் அன்றாட வேலைக்குப் போதும். அதற்கு முந்தையது பழைய பிஎஸ்டியிலேயே இருக்கட்டும். அதன் நகலை லேப்டாப்பில் வைத்துத் தேடிக்கொள்ளலாம். இனி அதில் எதுவும் சேராது என்பதால் எத்தனை நகல் இருந்தாலும் முரண்பாடு வராது.

அனுப்பிய மெயிலுக்கான போல்டரைக் கண்டிப்பாகச் சரிபாருங்கள். சில சர்வர்களில் ஒரு கம்ப்யூட்டர் சென்ட் என்ற போல்டரிலும், இன்னொன்று சென்ட் ஐட்டம்ஸ் என்ற போல்டரிலும் போட்டுக்கொண்டிருக்கும். இரண்டும் சர்வரில்தான் இருக்கும், ஆனால் நீங்கள் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் காணோம் என்பீர்கள். இரண்டும் ஒரே போல்டரைக் காட்டும்படி வைத்துவிடுங்கள்.

வாஷி தாண்டிப் போகும் வழியிலும் துறைமுகத்துக்குள்ளும் சிக்னல் கிடைக்காமல் போகும் என்ற கவலை நியாயம்தான். ஐமேப் என்றால் நெட் இல்லாமல் ஒன்றும் திறக்காது என்பது சரியல்ல. அவுட்லுக்கில் கணக்கின் செட்டிங்கில், எத்தனை மாத மெயிலைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வது என்று ஒரு நகர்த்தி இருக்கும், அதை எல்லாம் என்ற முனைக்குத் தள்ளுங்கள். காலையில் வீட்டு வைஃபையில் லேப்டாப்பை ஒருமுறை திறந்து மெயில் இறங்கி முடியும்வரை விட்டால், பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்கான இறக்குமதிப் படிவம்) பிடிஎஃப் உட்பட எல்லாம் கையில் இருக்கும். நெட் இல்லாதபோது எழுதியது அவுட்பாக்ஸில் காத்திருக்கும், அது போன பிறகுதான் டெஸ்க்டாப்பில் தெரியும்.

அவுட்லுக்கில் ஐமேப் கணக்கோடு வரும் காலண்டரும் முகவரிப் புத்தகமும் இந்தக் கம்ப்யூட்டர் மட்டும் என்றே இருக்கும். மெயிலோடு அவை சேர்ந்து போகாது. ஏற்கெனவே போனில் கூகுள் கான்டாக்ட்ஸ் வைத்திருந்தால் முகவரிகளை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐமேப் பேக்கப் அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். லேப்டாப்பில் தவறி ஒரு போல்டரை அழித்தால் அது டெஸ்க்டாப்பிலும் அழியும், அதுதான் ஒத்திசைவு. உங்களைப் போன்ற கிளியரிங் ஏஜென்ட்களுக்கான கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸ் விதிகள் (2018) ஆவணங்களைக் குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன, அதனால் உங்களுக்கு இது விளையாட்டு அல்ல. மாதம் ஒருமுறை டெஸ்க்டாப்பிலிருந்து ஐமேப் கணக்கைப் புது பிஎஸ்டியாக எக்ஸ்போர்ட் செய்து, மாதத்தின் பெயரைப் போட்டு வெளி டிஸ்கில் வையுங்கள்.

சனிக்கிழமை மாலை ஆரம்பித்தால் ஞாயிறு முழுக்க ஏறிக்கொண்டிருக்கலாம். திங்கள் காலை கிளம்புமுன் டெஸ்க்டாப்பிலிருந்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, அது லேப்டாப்பின் இன்பாக்ஸிலும் அனுப்பியவற்றிலும் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு லேப்டாப்பிலிருந்து ஒன்று அனுப்பி டெஸ்க்டாப்பில் பாருங்கள். இரண்டு பக்கமும் சரியாக வந்து, பழைய போல்டர்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகும்வரை எந்த பிஎஸ்டியையும் அழிக்க வேண்டாம்.