தோட்டத்தை அடமானம் வைக்காதீங்க, அம்மிணி வரையட்டும்

போன வாரம் ஒரத்துப்பாளையம் பக்கமிருந்து அப்பா, அம்மா, மகள் மூவரும் என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தார்கள். பிளஸ் டூ முடிந்துவிட்டது. கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுப் பேசி வைத்திருக்கிறார்கள். "ஏனுங்க சார், பாப்பா படம் வரையற படிப்புக்குத்தான் போவேங்குது. பொழப்புக்கு ஆகுங்களா?" என்றார் அப்பா. ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். பணத்துக்கு வழி கேட்டேன். ரெண்டு ஏக்கர் தோட்டத்தை அடமானம் வைக்கப் போகிறாராம். அதற்கு மேல் ஆறுதல் பேச எனக்கு வாய் வரவில்லை.

வேண்டாமுங்க. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். பங்காளி மகன் பெங்களூரில் சம்பாதிக்கிறான் என்று மாமன் சொல்வது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் தவணை கட்டப்போவது நீங்கள். அரியர் விழுந்தால் உட்கார்ந்து எழுதப்போவது உங்கள் மகள்.

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மேசையில் விரித்தாள். வெறும் காடாத் துணி. தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, மறுபடி நனைத்து, நாற்பது நாள் இதையே செய்திருக்கிறாள். ஓரமெல்லாம் உப்பு வரிவரியாகப் பூத்திருந்தது. தொட்டால் நறநறவென்றது. "நான் ஒண்ணும் வரையலீங்க சார், கெணறே வரைஞ்சுது" என்றாள். நொய்யல் ஆற்றில் உப்பு கலந்த சாயக்கழிவு ஓடியதும், ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்குக் கட்டிய அணை கழிவுக் குட்டையானதும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நமக்குத் தெரிந்த கதை. அதை மண்ணே சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதே வேலையைப் பெரிய கலைஞர்கள் செய்கிறார்கள். அமெரிக்காவில் மெல் சின் 1991இல் செயின்ட் பால் நகரக் குப்பைமேட்டில் கன உலோகங்களை உறிஞ்சும் செடிகளை நட்டு, அதையே தன் படைப்பாக்கினார். ஓஹையோவில் ஜான் சாப்ரா, கைவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து ஓடைகளில் கலக்கும் நீரின் இரும்புத் துருவைப் பிரித்து ஓவிய வண்ணம் செய்கிறார். டெல்லியில் ரவி அகர்வால் யமுனையை ஆண்டுக்கணக்காகப் படம்பிடித்து வருகிறார்.

சரி, எங்கே படிப்பது? சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உண்டு. சென்னையில் இருப்பது 1850இல் தொடங்கியது. நான்கு வருட பி.எஃப்.ஏ., அதாவது கவின்கலைப் பட்டப்படிப்பு. ஓவியம், சிற்பம் தவிர, சென்னையில் துணி வடிவமைப்பும் இருக்கிறது. உங்கள் மகளுக்கு நான் சொல்வது அதைத்தான். அரசுக் கட்டணம் என்பதால் தங்குமிடம், சாப்பாடு, வண்ணம், தாள் இவைதான் முக்கியச் செலவு. சேர்க்கைக்கு வரைந்து காட்டும் தேர்வு உண்டு. அதனால் இன்றிலிருந்தே தினமும் கை, கால், குடம், மாடு என்று பார்த்துப் பார்த்து வரையட்டும். துணியில் உப்புப் பூக்க வைத்தது போதாது, பென்சிலும் பழக வேண்டும்.

ஓவியம் விற்று மட்டும் முதல் சில வருடங்கள் குடும்பம் நடத்த முடியாது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் திருப்பூர் ஏற்றுமதி கம்பெனிகளில் பிரிண்ட் டிசைனுக்கும் கலர் பார்க்கவும் ஆள் வேண்டும், அது வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் வேலை. அப்புறம், 2012இல் தொடங்கிய கொச்சி பியனாலே என்ற பெரிய கலைத் திருவிழாவில் கலைக்கல்லூரி மாணவர்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடக்கிறது. அவள் எட்டிப் பார்க்க வேண்டிய இடம் அது.

கிளம்பும்போது அம்மா, "பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் எப்படிங்க விடறது?" என்றார். நியாயமான கேள்வி. ஒருநாள் மூவருமாக ரயிலேறிப் போய்க் கல்லூரியையும் தங்கும் இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். அந்தத் துணியையும் கொண்டுபோங்கள். மடிக்காமல் சுருட்டி எடுத்துப் போங்கள், மடித்தால் உப்பு உதிர்ந்துவிடும்.