ஆம்ப், ஸ்பீக்கர் உள்ள டூரிங் பைக்கில் சிபி ரேடியோ பூட்டினால் இரைச்சல் வருவது ஏன்?

கேள்வி இதுதான்: நுவரெலியாப் பக்கம் ஓடும் டூரிங் பைக்கில் ஆம்பும் (ஒலிபெருக்கும் அம்பிளிஃபயர்) ஸ்பீக்கரும் முன்பே உண்டு. சிபி ரேடியோ (27 மெகாஹெர்ட்ஸில் ஒருவரோடொருவர் பேசும் ரேடியோ) பூட்டியதும் இரைச்சல். ஃபில்டர் வாங்கினால் தீருமா?

ஃபில்டர் வாங்க முதல் வயரைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

ரேடியோவின் பிளஸ், மைனஸ் இரண்டையும் பற்றரியிலிருந்தே எடுங்கள். ஆம்பின் வயரிலோ ஹெட்லைட் வயரிலோ ஒட்டுப் போடக் கூடாது. 4 வாட் ஏஎம் ரேடியோ பேசும்போது ஏறக்குறைய 2 ஆம்பியர்தான் இழுக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும், பற்றரிக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் பியூஸும் போதும். ஆம்பின் எர்த்தையும் ரேடியோவின் எர்த்தையும் ஒரே இடத்தில் சேருங்கள். ஒன்று பற்றரியிலும் மற்றது ஃபிரேமிலும் இருந்தால் இடையில் சிறிய வோல்ட்டேஜ் வித்தியாசம் வரும். ஓடியோ கேபிளின் உறை வழியாக அது ஆம்புக்குள் போய்விடும்.

இனி இரைச்சலைக் காதால் பிரித்தறியுங்கள். த்ரொட்டில் முறுக்க முறுக்க ஊளை ஏறினால் அது அல்டர்னேட்டர். ஆம்புக்குள் போகும் ஓடியோ கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ஊளை நின்றால் எர்த் கோளாறு; எர்த்தைச் சரிசெய்தும் போகாவிட்டால் மட்டும் அந்தக் கேபிளில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (எர்த் வழியாக வரும் இரைச்சலைத் தடுக்கும் சிறு கருவி) போடலாம். கேபிளைக் கழற்றியும் ஊளை நிற்காவிட்டால் அது பவர் வயர் வழியாக வருகிறது. ரேடியோவில் டிக்டிக் என்று கேட்டால் அன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். (அந்த நிலையில் மைக்கை மட்டும் அழுத்தாதீர்கள், அன்டெனா இல்லாமல் பேசினால் ரேடியோவின் அவுட்புட் டிரான்சிஸ்டர் எரிந்துபோகலாம்.) சத்தம் நின்றால் அது இக்னிஷனிலிருந்து காற்றுவழி வருகிறது, ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக்கும் அதன் கேப்பும் போடுங்கள். மைக்கை அழுத்தும்போது மட்டும் ஸ்பீக்கர் கரகரத்தால், அன்டெனாவின் அலையை ஸ்பீக்கர் வயர் பிடிக்கிறது. ஆம்பை ஒட்டிய இடத்தில் அந்த வயரை ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். அன்டெனா கேபிள் ஒரு பக்கம், ஸ்பீக்கர் வயர் மறுபக்கம் ஓடட்டும். சந்தித்தே ஆக வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும்.

கூடுதல் கவனம் அன்டெனாவுக்குத்தான் வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 11 மீட்டர். கால் அலைக் கம்பியே 2.7 மீட்டர் வரும். பைக்கில் அது முடியாது என்பதால் சுருள் வைத்த குட்டைக் கம்பிதான் வழி. பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டினால் கம்பிக்குக் கீழே உலோகத் தளம் இராது. அடித்தளத்திலிருந்து ஃபிரேமுக்குத் தட்டையான செப்புப் பின்னலை இழுங்கள், அல்லது தளம் தேவைப்படாத வகை அன்டெனாவை வாங்குங்கள். தளம் தேவைப்படாத அன்டெனாவோடு வரும் கேபிளை வெட்டக் கூடாது. மற்ற வகை அன்டெனாவுக்கு 50 ஓம் கேபிள் வேண்டும். 75 ஓம் டிவி கேபிள் சரிவராது.

எஸ்டபிள்யூஆர் மீட்டரை (அன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் மீட்டர்) வைத்து 1, 20, 40 ஆகிய சானல்களில் அளவெடுங்கள். 1இல் கூடுதலாக இருந்தால் கம்பி குட்டை, 40இல் கூடுதலாக இருந்தால் கம்பி நீளம். 1.5க்குள் வந்தால் நல்லது, 2ஐத் தாண்டவே கூடாது. எஃப்எம் ரேடியோவுக்கும் இதே கம்பியை ஸ்பிளிட்டரில் பிரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், இரண்டுமே பலவீனமாகும்.

இந்த மலையில் ரேடியோவைக் கெடுப்பது ஈரம். றம்பொடை, ஹக்கல பக்கத்து மூடுபனியில் கனெக்டருக்குள் நீர் இறங்கினால் எஸ்டபிள்யூஆர் ஏறிவிடும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, கனெக்டருக்குக் கீழே கேபிளை ஒரு வளைவு தொங்கவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கொண்டை ஊசி வளைவுக்கு அப்பால் போன பைக் கேட்காவிட்டால், நடுவில் நிற்பது மலை. செட்டைத் திறக்க வேண்டாம். பேசத் தொடங்க முதல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.