36 ரூபாய் வித்தியாசம்

அன்புள்ள ஐயா,

பொதுத்துறை வங்கியொன்றில் அதிகாரியாக இருக்கிறேன். டெபாசிட் போட வரும் பெரியவர்கள் தலையில் இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கட்டச் சொல்லி தினமும் நெருக்கடி. என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. வேலையிலேயே பிடிப்பு விட்டுப்போய், மற்றதையும் ஏனோதானோவென்று செய்கிறேன். தொழில் பெருமை என்பதே நம்மிடம் வேலை வாங்கச் சொல்லிவைத்த பொய்யோ? வேறு தேர்வு எழுதலாமா?

சி.

அன்புள்ள சி.,

கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்ததை நீங்கள் கிளப்பிவிட்டீர்கள். பாலிசி விஷயத்தில் நீங்கள் செய்வது சரி. எழுபது வயதுக்காரரின் சேமிப்பை, வருடாவருடம் பிரீமியம் கேட்கும் திட்டத்தில் முடக்குவது பாவம். அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் பாலிசி விற்க மனமில்லாததற்கும் மற்ற வேலையை ஏனோதானோவென்று செய்வதற்கும் என்ன சம்பந்தம்?

என் அப்பா வங்கி குமாஸ்தா. கம்ப்யூட்டர் வராத காலம். லெட்ஜர் என்ற பேரேட்டில் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் கூட்டி, மொத்தத் தொகையை எழுதிவைக்கும் ஜெனரல் லெட்ஜரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். டேலி ஆகாத நாளில் அவர் கடைசி பஸ்ஸில்தான் வருவார். 36 ரூபாய் வித்தியாசம் என்றால் முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் போனால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 51 என்பதை 15 என்று எழுதியிருப்பார்கள். அங்கே சிக்காவிட்டால் பாதியாக்கி 18 ரூபாயைத் தேடுவார். டெபிட்டில் போட வேண்டியது கிரெடிட்டில் போயிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் நிற்கும்.

'கையிலிருந்து போட்டுவிட்டு வரக் கூடாதா?' என்று அம்மா ஒருமுறை கேட்டுவிட்டார். அப்பாவுக்கு வந்ததே கோபம்! ஒரு கணக்கில் 1,000 ரூபாய் கூடுதல், இன்னொன்றில் 964 குறைவு என்றும் இருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு வெளியே 36 என்று தலைகாட்டும். இரண்டும் யாரோ இரண்டு பேருடைய பணம்.

இத்தனைக்கும் அவருக்கு நிர்வாகத்தைக் கண்டாலே ஆகாது. யூனியன்காரர். வேலைநிறுத்தம் என்றால் வாசலில் கொடியோடு முதல் ஆளாக நிற்பார். மானேஜர் வீட்டு விசேஷத்துக்குப் போக மாட்டார். அந்தக் கோபத்தை லெட்ஜரில் காட்ட அவருக்குத் தோன்றியதே இல்லை.

நீங்கள் மேலிடத்தின் மீதுள்ள கோபத்தைக் கவுண்டருக்கு வரும் கிழவியிடம் காட்டுகிறீர்கள். அதற்கு மனசாட்சி என்று பெயர் வேறு! நவம்பரில் வாழ்நாள் சான்றிதழுக்காக ஓய்வூதியர்கள் வருவார்கள். தேய்ந்த விரலில் ரேகை பதியாது. 2021 முதல் போன் கேமராவில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம். எழுந்துபோய் அதைச் செய்துகொடுக்க உங்களை எந்த டார்கெட் தடுக்கிறது? பாலிசியில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர் வந்தால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்றாவது சொல்லுங்கள். மானேஜருக்குப் பிடிக்காதுதான்.

தேர்வு எழுதுவது உங்கள் விருப்பம். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. நீங்கள் எழுந்துபோனால் அந்த நாற்காலியில் கூசாமல் பாலிசி விற்கிறவர் வந்து உட்காருவாரே என்ற கவலையில்தான் இவ்வளவும் சொல்கிறேன்.