கிராவல் குவாரி: மறியல் தேதியை விடுங்கள், மேல்முறையீட்டுத் தேதியைப் பாருங்கள்

கேள்வி: வல்லத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் 4.80 ஹெக்டேர் பட்டா நிலத்தில் கிராவல் குவாரி வரப்போகிறது. சுமார் 300 மீட்டர் தள்ளி ஏற்கெனவே 4.20 ஹெக்டேரில் ஒரு கிராவல் குவாரி ஓடுகிறது. அது வந்த பிறகு போர்வெல் தண்ணீர் கீழே போய்விட்டது. விவசாயத்துக்கு என்று பொய் சொல்லித்தான் நிலத்தை வாங்கினார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் எதிர்த்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். கலெக்டரிடம் மூன்று முறை மனு கொடுத்தும் பதில் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் சுற்றுச்சூழல் அனுமதியின் நகலை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பொங்கல் முடிந்ததும் சாலை மறியல் என்று ஊர் முடிவு. டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்தானே, எப்படி அனுமதி கொடுக்கலாம்?
— விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: இவ்வளவு எழுதியதில் சட்டப்படி முக்கியமானவை இரண்டே: "மூன்று வாரத்துக்கு முன்", "300 மீட்டர் தள்ளி". மற்றதை முதலில் ஒதுக்கிவிடுவோம்.

2020 வேளாண் மண்டலச் சட்டத்தில் தஞ்சாவூர் வருகிறது. ஆனால் அது தடை செய்யும் தொழில்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது: எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, தாமிர ஆலை போன்றவை. கிராவல் குவாரி அதில் இல்லை. கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு, தடுக்கும் அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் பழங்குடி அட்டவணைப் பகுதிகளுக்கான 1996 சட்டத்தில் வருவது, தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியே இல்லை. நிலத்தை ஏமாற்றி வாங்கினார்கள் என்றால் அது விற்றவர் போட வேண்டிய வழக்கு, ஊர் போட முடியாது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் என்று பலர் சொல்லும் விதி கல் குவாரிக்கானது. அதைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

உங்கள் கையில் இருக்கும் வலுவான விஷயம் பக்கத்துக் குவாரிதான். 5 ஹெக்டேருக்குள் இருந்தால் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டாம் என்பதால்தான் 4.80, 4.95 என்று அளந்து விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் இரண்டு குத்தகைகளின் எல்லைக்கு எல்லை 500 மீட்டருக்குள் இருந்து, ஒரே கனிமமாகவும் இருந்தால், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 2016 திருத்தத்தின்படி அது தொகுப்பு. இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். 4.80, 4.20 சேர்ந்தால் 9 ஹெக்டேர். அப்படியானால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் கருத்துக்கேட்பும் கட்டாயம். அவை நடக்காமல் கொடுத்த அனுமதி நிற்பது கடினம்.

இதில் எதிர்த்தரப்பு எங்கே தப்பிக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று ஆண்டோ அதற்கு மேலோ இயங்காத குவாரியைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 9.9.2013க்கு முன் கொடுத்த குத்தகையும், 15.1.2016க்குள் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றதும் அப்படித்தான். சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் ஏற்றப்படும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இந்த விண்ணப்பத்தின் இணைப்புகளைத் திறந்து பாருங்கள். கனிமவளத்துறை உதவி இயக்குநரின் "500 மீட்டர் சுற்றளவு" கடிதம் ஒன்று இருக்கும். இயங்கும் குவாரி, காலாவதியான குவாரி, உத்தேசக் குவாரி என்று தனித்தனி அட்டவணை போட்டிருப்பார்கள். உங்கள் பக்கத்துக் குவாரி எந்த அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. ஓடும் குவாரியைக் காலாவதி என்று எழுதியிருந்தால், லாரி நடைச்சீட்டு நகல்கள், தேதியிட்ட புகைப்படங்கள், கூகுள் எர்த்தின் பழைய படங்கள் எல்லாம் வேண்டும். பரிவேஷிலேயே கடிதத்தின் நகல் கிடைக்கும்போது தகவல் உரிமை மனு போட்டு 30 நாள் காத்திருக்காதீர்கள்.

ஏனென்றால் உங்களுக்கு இருப்பதே 30 நாள். தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் பிரிவு 16இல், சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை. 90ஆம் நாள் தாண்டினால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. கணக்கு பலகையில் ஒட்டிய நாளிலிருந்துதான் தொடங்கும் என்றும் நம்பாதீர்கள். இணையதளத்தில் ஏற்றியது, நாளிதழ் விளம்பரம், பலகை, இவற்றில் எது முந்தியதோ அதைத்தான் எதிர்த்தரப்பு பிடிக்கும். 30 நாள் கடந்திருந்தால் காரணத்தோடு தாமத மன்னிப்பு மனுவையும் சேர்த்தே போடுங்கள்.

வழக்குக்கு வருபவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில். மனு கொடுத்துவிட்டோமே, கலெக்டர் பார்ப்பார் என்று இருப்பார்கள். எத்தனை திங்கட்கிழமை மனு கொடுத்தாலும் காலக்கெடு நிற்காது. வேறு சிலர் முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்டுப் போவார்கள், தீர்ப்பாயத்துக்குரிய விஷயத்தில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டால், மேல்முறையீட்டு வழி இருக்கிறதே என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். அதற்குள் 90 நாள் ஓடியிருக்கும்.

மறியல் இன்னும் மோசமாகத் திரும்பும். பாரதிய நியாய சன்ஹிதாவில் 126(2) (வழிமறிப்பு), 189(2) (சட்டவிரோதக் கூட்டம்), 285 (பொதுவழியை மறிப்பது) என்று பெயர் குறிப்பிட்டு எஃப்.ஐ.ஆர். வரும். லாரிக் கண்ணாடி உடைந்தால் 1992 சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் சேரும், அது ஜாமீன் வாங்க அலைய வைக்கும். அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பித்திருக்கும் பிள்ளைகள்தான் முன்வரிசையில் நிற்பார்கள், அவர்கள் வாழ்க்கையில் இது விளையாடும். அந்த எஃப்.ஐ.ஆரை வைத்துக்கொண்டு குவாரிக்காரர் போலீஸ் பாதுகாப்பு கேட்டு ரிட் போடுவார். கையில் எல்லா அனுமதியும் வைத்திருப்பவருக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடும். சிவில் கோர்ட்டில் உங்கள் மீது நிரந்தரத் தடை கேட்டு வழக்குப் போட்டால், சம்மனை வாங்காமல் ஓடாதீர்கள். வாங்க மறுத்தால் உங்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி உத்தரவு வரும், அத்தோடு குவாரி பக்கம் போவதே கோர்ட் அவமதிப்பு ஆகும்.

கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை என்று வந்தால் வாங்காதீர்கள். ரசீதும் வெற்றுத்தாள் கையெழுத்தும் பிறகு "ஊர் சம்மதம்" ஆகிவிடும். மேல்முறையீட்டாளராக, குவாரியை ஒட்டி நிலமோ கிணறோ உள்ள இரண்டு மூன்று பேர் போதும். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போட்டிக் குவாரிக்காரர் யாராவது வந்தால் தள்ளி வையுங்கள். அது வெளியே வந்தால் வழக்கே கெடும், பொய் வழக்கு என்று தீர்ப்பாயம் கருதினால் செலவுத்தொகையும் உங்கள் தலையில் விழும்.

ஒன்றைக் கசப்பாகத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் ஜெயித்தாலும் அனுமதி ரத்தாகி, கருத்துக்கேட்பு நடந்து, குவாரி மறுபடி வரலாம். பக்கத்துக் குவாரி தொகுப்பில் சேராது என்று ஆவணம் சொன்னால், சமரசம் பேசுங்கள். பட்டா எல்லையிலிருந்து 7.5 மீட்டர், வாய்க்காலிலிருந்து 50 மீட்டர் விடுவது, தரைமட்டக் கல் நட்டு ஆழத்தை அளப்பது, பள்ளி நேரத்தில் லாரி ஓடாதது, தார்ப்பாய் போடுவது, இரண்டு கிணற்றில் மாதாமாதம் நீர்மட்டம் அளப்பது. இவ்வளவும் கேட்கலாம். தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தைக் குறிப்பில் எழுதினால் பிறகு அமல்படுத்த வழியிருக்காது. குவாரிக்காரரின் உறுதிமொழிப் பிரமாணமாகத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்து உத்தரவில் பதிவாக வேண்டும். அதற்கும் மேல்முறையீடு உயிரோடு இருக்க வேண்டும்.

எனவே இந்த வாரமே அனுமதி நகல், 500 மீட்டர் கடிதம், இரண்டு குவாரியின் புல எண்களுக்கும் எஃப்.எம்.பி. (புல வரைபடம்), அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) நகல், ஒட்டிய பலகையின் புகைப்படம் இவற்றோடு சென்னையில் பசுமைத் தீர்ப்பாய வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரைப் பாருங்கள்.