ஒரே குன்று, இரண்டு மண்: வாசகர் கேள்வி பதில்

கே: கோத்தகிரியில் ஒரு குன்றின் இருபுறமும் கேரட் போடுகிறோம். வடக்குப் பார்த்த சரிவில் மண் கறுத்து, ஈரமாக இருக்கிறது. தெற்குப் பார்த்த பக்கம் சிவந்து, சீக்கிரமே காய்ந்துவிடுகிறது. ஏன்?

ப: பாறை ஒன்றுதான், வெயில்தான் வேறு. நீங்கள் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில். டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 35 டிகிரி அளவுக்குத் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது 20 டிகிரி சாய்வுள்ள தெற்குச் சரிவில் விழும் நேர்வெயில், அதே சாய்வுள்ள வடக்குச் சரிவைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை சூரியன் தெற்கிலேயே நிற்பதால், மழையில்லாத மாதங்களின் சூடு முழுக்க அந்தப் பக்கத்துக்குத்தான். ஜூனில் நிலைமை தலைகீழ். ஆனால் அப்போது மேகமூட்டம்.

சூட்டில், மண்ணுக்குக் கறுப்பு நிறம் தரும் மட்கு வேகமாகச் சிதைகிறது, புல்மூடி மெலிகிறது. முதல் கனமழை வெறும் மண்ணில் அறைந்து மேல்மண்ணை அடித்துப் போகிறது. கீழே இருக்கும் இரும்பு ஆக்சைடுச் சிவப்பு வெளியே தெரிகிறது. அந்தப் பக்கம் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். அறுவடை முடிந்ததும் சருகு மூடாக்கு அவசியம்.

கறுப்பு மண்ணையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். ஈரம் அதிகமுள்ள இடத்தில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்து இறங்குவதால் அமிலத்தன்மை கூடியிருக்கலாம். சோதிக்காமல் டோலமைட் (அமிலத்தன்மையைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூள்) போட வேண்டாம்.

உத்தரகாண்ட் போல 30 டிகிரி அட்சரேகையில் இந்த வேறுபாடு இன்னும் கடுமை: வடக்குச் சரிவில் ஓக், எதிரே சீர் பைன். நம் மலைகளில் சாய்வின் செங்குத்தும் மழை அடிக்கும் திசையும் சில சமயம் வெயிலை மிஞ்சிவிடும்.

கே: இரண்டு பக்க மண்ணையும் கலந்து ஒரே மண் மாதிரியாகச் சோதனைக்குக் கொடுக்கலாமா?

ப: கூடாது. சராசரி அளவு வரும். அது இரண்டு பக்கத்துக்குமே பொருந்தாது. ஒவ்வொரு சரிவிலும் மேல், நடு, அடி எனத் தனித்தனி மாதிரி எடுங்கள். அடிப்பகுதியில் இருப்பது மேலிருந்து வந்து படிந்த மண். ஒவ்வொன்றிலும் பத்து இடங்களில் சருகை மட்டும் விலக்கி, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, சுவரோரம் ஒரே சீராகச் சீவுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக்கொண்டே வந்து அரை கிலோ ஆக்குங்கள். நிழலில் உலர்த்துங்கள். எருக்குவியல், வரப்பு, புதிதாக உரமிட்ட இடம் வேண்டாம். செல்போன் திசைகாட்டியைத் தண்ணீர் வடியும் பக்கம் நீட்டினால் வருவதே சரிவின் திசை, பையில் எழுதிவிடுங்கள்.

கே: கிழக்குச் சரிவுக்கும் மேற்குச் சரிவுக்கும்?

ப: வானம் தெளிவாக இருந்தால் வெயில் சமம். மேற்குக்கு அது பிற்பகலில், பனியீரம் காய்ந்து காற்றும் சூடேறிய பிறகு வருவதால் மண் அதிகம் உலரும். பிற்பகல் மேகம் வழக்கமான இடங்களில் இந்தக் கணக்கு மாறிவிடும்.