மாத்திரைக்கு அடங்காத படர்தாமரை

கேள்வி: என் கணவர் மதுரையில் பரோட்டா மாஸ்டர். எட்டு மாதமாகத் தொடையிடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை. மெடிக்கலில் வாங்கிய களிம்பைத் தடவினால் அடங்குகிறது, விட்டால் இன்னும் பரவுகிறது. டாக்டர் எழுதிய டெர்பினாஃபைன் மாத்திரையை ஒரு மாதம் சாப்பிட்டும் குணமில்லை. இப்போது எனக்கும் இடுப்பில் வந்துவிட்டது. என்ன செய்வது? - வாசகி, செல்லூர்

பதில்: முதலில் அந்தக் களிம்பு டியூபைத் திருப்பிப் பாருங்கள் அம்மா. குளோபெட்டசால், பெட்டமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிட்டு, படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையை உள்ளே நன்றாக வளரவிடும். தொடையிடுக்கில் தோல் மெலிந்து விழும் கோடுகள் பிறகு மறைவதே இல்லை. சீட்டில்லாமல் இதைத் தருவது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம். இன்றே நிறுத்துங்கள். சில நாள் அரிப்பு கூடும். பயந்துபோய் மறுபடி தடவிவிடாதீர்கள்.

டெர்பினாஃபைன் கேட்காததற்கும் காரணம் உண்டு. நம் நாட்டில் இப்போது அதிகம் பரவுவது டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை. 2020-இல்தான் அதற்கு இந்தப் பெயர் வந்தது. பல நோயாளிகளிடம் இருக்கும் பூஞ்சையில், டெர்பினாஃபைன் தாக்க வேண்டிய நொதியின் மரபணுவே மாறிப்போயிருக்கிறது. அதனால் மருந்து ஒட்டுவதில்லை.

தோல் மருத்துவரிடம் போங்கள். பெரியாஸ்பத்திரியிலும் தோல் பிரிவு இருக்கிறது. படையின் ஓரத்தைப் பிளேடால் லேசாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வலிக்காது, அன்றே தெரிந்துவிடும். தேவைப்பட்டால் கல்ச்சர், அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனை; அதற்குச் சில வாரம் ஆகும்.

பெரும்பாலும் அடுத்து தருவது இட்ராகோனசோல் என்ற வேறொரு பூஞ்சை மருந்து. ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். கேப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் போட வேண்டும். கூடவே கேஸ் மாத்திரை போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இதய பலவீனம், கல்லீரல் கோளாறு இருந்தாலோ, கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டாலோ முன்பே சொல்லிவிடுங்கள். தடம் மறைந்த பிறகும் மருத்துவர் சொல்லும் வரை நிறுத்தக்கூடாது.

அப்புறம், அருணாக்கயிறு. வேர்வையில் ஊறி, காயாமல், அதே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். குணமாகும் வரை கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கல்லுக்கு முன்னால் நின்று வேலை முடிந்ததும் அவர் குளித்து, ஈரம் துடைத்து, தளர்ந்த பருத்தி உள்ளாடை போடட்டும். துண்டு ஆளுக்கொன்று. துணியைச் சுடுதண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரிய வெயிலில் காயப்போடுங்கள்.

நீங்களும் அவரோடு சேர்ந்தே சிகிச்சை எடுக்க வேண்டும்; ஒருவர் விட்டால் மற்றவருக்குத் திரும்ப ஒட்டும். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயற்சி செய்தாலோ மாத்திரை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படியானால் உங்களுக்குத் தடவும் மருந்து மட்டும் தருவார்.