திரையில் ஓடிவிடும் விடைகள்

கேள்வி: ஐயா, நான் தொடக்கக் கல்லூரி முதலாண்டு மாணவன். 10,000 வெள்ளி, ஆண்டுக்கு 2.5 விழுக்காடு கூட்டு வட்டியில் 12 ஆண்டுகளில் எப்படி வளரும் என்று அம்மாவுக்குக் காட்ட டிஐ-84 பிளஸ் கால்குலேட்டரில் நிரல் எழுதினேன். ‘பி=?’, ‘ஆர்=?’ என்று அது கேட்பது அம்மாவுக்குப் புரியவில்லை. ஆண்டும் தொகையும் மளமளவென்று மேலே ஓடி, கடைசிச் சில வரிகளே மிஞ்சுகின்றன. என்ன செய்யலாம்?
— மாணவர், ஈசூன்

பதில்: தம்பி, நீங்கள் ‘பிராம்ப்ட்’ கட்டளையைப் போட்டிருக்கிறீர்கள். அது மாறியின், அதாவது எண்ணைச் சேமிக்கும் இடத்தின், எழுத்தை மட்டும் காட்டிக் கேட்கும். எழுதியவருக்குத்தான் அது விளங்கும். அதை எடுத்துவிட்டு ‘இன்புட்’ போடுங்கள். மேற்கோள் குறிக்குள் ‘வட்டி=’ என்று ஆங்கில எழுத்துகளில் கொடுத்து, காற்புள்ளிக்குப் பிறகு மாறியை எழுதினால் போதும். திரையின் அகலம் 16 எழுத்துகள்தான், சுருக்கமாகக் கேளுங்கள். கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டக் கூடாது, நிரல் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

நூறால் வகுப்பதையும் நிரலுக்குள்ளேயே வையுங்கள். உங்கள் சூத்திரம் 0.025-ஐ எதிர்பார்த்திருக்க, அம்மா 2.5 என்று அழுத்தினால் முதலாண்டு முடிவிலேயே 35,000 வெள்ளி வரும். அப்படி ஒரு வங்கி இருந்தால் எனக்கும் முகவரி அனுப்புங்கள்.

விடைகள் ஓடுவதற்குக் காரணம் எளிது. விடையைத் திரையில் காட்டும் ‘டிஸ்ப்’ கட்டளை ஒவ்வொரு மதிப்பையும் தனி வரியில் போடும். ஆண்டுக்கு இரண்டு வரி, மொத்தம் 24. திரையில் இருப்பதோ 8 வரி. ‘டிஸ்ப்’புக்கு அடுத்து ‘பாஸ்’ வைத்தால், என்டர் விசையை அழுத்தும்வரை நிரல் காத்திருக்கும். ஆனால் பன்னிரண்டு முறை அழுத்த எந்த அம்மாவுக்குப் பொறுமை இருக்கும்? ஆண்டைக் கால்குலேட்டரில் உள்ள எல்1 என்ற எண் பட்டியலிலும் தொகையை எல்2 பட்டியலிலும் சேமிக்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் இரண்டையும் காலி செய்துவிட வேண்டும். நிரல் முடிந்ததும் ‘ஸ்டாட்’ விசையை அழுத்தித் திருத்தும் பக்கத்துக்குப் போனால், அட்டவணையாகவே இருக்கும். மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம். அட்டவணைக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான்.

இன்னொன்று. மூன்றாம் ஆண்டில் 10768.90625 வரும். காசு வரைக்கும் போதும் என்றால், பட்டியலில் போடும்போது மட்டும் ‘ரவுண்ட்’ கொண்டு இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்குங்கள், 10768.91 என்று வரும். முழுமையாக்கியதைத் தொகையின் மாறியிலேயே திரும்ப வைத்தால் அடுத்த ஆண்டுகளின் தொகை ஓரிரு காசு பிசகக்கூடும். ‘மோட்’ பக்கத்தில் தசம இடத்தை 2 என்று வைப்பது வேறு சங்கதி: அது திரையில் தெரிவதை மட்டும் மாற்றும், உள்ளே இருக்கும் எண்ணைத் தொடாது.

கேள்வி: மகனின் கால்குலேட்டரில் இப்படி எழுதிய நிரல்கள் தேர்வு அறையில் இருக்கலாமா?
— ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: கூடாது, அம்மா. தேர்வுக்கு முன் அவற்றை அழித்துவிடுவது மாணவரின் பொறுப்பு. எழுதியதை இழக்க மனமில்லை என்றால், முதல் நாளே கணினியில் நகலெடுத்து வைத்துவிட்டு அழிக்கச் சொல்லுங்கள்.